சொந்த டொமைன் இல்லாத தளத்தை டைரக்டரியில் சேர்க்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்த் தளங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து வைக்கும் ஒரு சிறிய பட்டியலுக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது, பிடித்துச் செய்யும் வேலை. வருகிற தளங்களில் பெரும்பாலானவை பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ்.காம், கூகுள் சைட்ஸ் போன்ற இலவசச் சேவைகளில் இருப்பவை; தங்களுக்கென்று வாங்கிய இணைய முகவரிப் பெயர், அதாவது டொமைன், இல்லாதவை. எழுதுகிறவர்களிடம் ஒரே தயக்கத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன்: “எங்களுக்குச் சொந்தமாக டொமைன் இல்லையே, சேர்ப்பீர்களா?” நல்ல தளம் வைத்திருப்பவர்கள் பலர் இந்தத் தயக்கத்தாலேயே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அதனால்தான் எனக்கு வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

டைரக்டரி, டைரக்டரி என்கிறீர்களே, அது கூகுள் மாதிரியா?

இல்லை. கூகுள் தானாகவே இணையத்தைச் சுற்றி வந்து பக்கங்களைப் படிக்கிறது. டைரக்டரி என்பது ஒரு மனிதர் தளத்தைத் திறந்து பார்த்து, இது சமையல், இது சித்த மருத்துவம், இது பள்ளிக் கணக்கு என்று வகை பிரித்து வைத்த பட்டியல். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலைதான்.

யாகூ 1994இல் இப்படி ஒரு பட்டியலாகத்தான் தொடங்கியது. 1998இல் தொடங்கிய டிமோஸ் என்ற திறந்த டைரக்டரியைத் தன்னார்வலர்கள் நடத்தினார்கள். 2017 மார்ச்சில் மூடப்பட்டபோது அதில் சுமார் 38 லட்சம் தளங்கள் இருந்தன. தமிழுக்கும் தனிப் பிரிவு இருந்தது. அந்த வேலையை இப்போது கர்லி என்ற பெயரில் தொடர்கிறார்கள். இவை தவிர ஊர், தொழில், துறை சார்ந்த சிறு பட்டியல்கள் ஏராளம்.

திரட்டி வேறு வகை. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்றவை வலைப்பூவின் ஓடையை (புதுப் பதிவுகளைத் தானாக அறிவிக்கும் கோப்பை) படித்துப் புதுப் பதிவுகளை வரிசையாகக் காட்டின. டைரக்டரி பதிவைக் காட்டாது, தளத்தையே காட்டும். நீங்கள் ஆறு மாதம் எழுதாவிட்டாலும் அதில் உங்கள் பெயர் இருக்கும்.

சொந்த டொமைன் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? என் வலைப்பூவுக்கு என் பெயரில்தானே முகவரி இருக்கிறது?

முகவரியில் உங்கள் பெயருக்குப் பின்னால் இன்னொருவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். “கவிதா.பிளாக்ஸ்பாட்.காம்” என்றால் வீடு பிளாக்ஸ்பாட்டுடையது, கவிதா அதில் ஒரு போர்ஷனில் குடியிருக்கிறார். இதைச் சப்டொமைன் என்பார்கள். கூகுள் சைட்ஸில் சேவையின் முகவரி முதலில் வந்து, சாய்கோட்டுக்கு (/) பின்னால் உங்கள் தளத்தின் பெயர் வரும். பழைய பல்கலைக்கழக முகவரிகளில் “~” குறியோடு பேராசிரியர் பெயர் வருவதும் இந்த வகைதான்.

சப்டொமைனா, சாய்கோட்டு முகவரியா என்பதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கேள்விக்கு இந்த வித்தியாசம் தேவைப்படும்.

இலவசத் தளம் என்றாலே ஒதுக்கிவிடுவார்கள் என்று நண்பர் சொன்னார். நிஜமா?

பொது விதியாக அது உண்மையில்லை. மனிதர்கள் பார்த்துச் சேர்க்கும் டைரக்டரிகள் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கும். டிமோஸிலேயே இலவச இடத்தில் இருந்த தளங்கள் ஏராளமாக இடம்பெற்றிருந்தன.

இன்னொன்றும் சொல்கிறேன். உலகத்துக்கே டைரக்டரியாக இருந்த யாகூ, பிறந்தபோது சொந்த முகவரி இல்லாமல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு கணினியில் இருந்தது. யாகூ.காம் என்ற பெயர் 1995 ஜனவரியில்தான் பதிவானது. கூகுளும் 1997 செப்டம்பரில் தன் பெயரைப் பதிவு செய்யும் முன்பு ஸ்டான்ஃபோர்டின் சப்டொமைனில்தான் ஓடியது. முகவரியை மட்டும் வைத்து ஒரு தளத்தின் தரத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சில டைரக்டரிகள் “சொந்த டொமைன் மட்டும்” என்று விதியிலேயே எழுதியிருக்கும். அங்கே விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். விதியைப் படித்த பிறகே படிவத்தைத் திறங்கள்.

அப்படியானால் என் தளத்தை ஏன் ஒதுக்கினார்கள்? காரணம்கூடச் சொல்லவில்லை.

விண்ணப்பம் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். இலவச முகவரியைக் கண்டதும் என் மனதில் வருகிற முதல் கேள்வி “இது அடுத்த வருடம் இருக்குமா?” என்பதுதான். இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கான பக்கங்கள் இருந்தன. ஆரம்ப காலத் தமிழ்த் தளங்கள் பலவற்றுக்கும் அதுதான் வீடு. யாகூ அதை 2009 அக்டோபரில் மூடியது. ஒரே நாளில் எத்தனை பட்டியல்களில் எத்தனை லிங்குகள் செத்துப்போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடைக்காரர்களுக்குக் கூகுள் தன் வணிகப் பக்கத்தோடு கொடுத்த இலவசத் தளங்களும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அந்த முகவரிகள் அதே வருடம் ஜூன் 10 வரைதான் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டன.

இரண்டாவது பயம், அரைகுறைத் தளம். இலவசமாகத் தொடங்கலாம் என்பதால் மூன்று பதிவு எழுதிவிட்டு மறந்துபோனவர்கள் நிறைய. “விரைவில் வரும்” என்ற பலகை மட்டும் தொங்குகிற தளத்தை எந்தத் தொகுப்பாளரும் சேர்க்க மாட்டார். மூன்றாவது, வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டிய பதிவுகள். தமிழில் இது எவ்வளவு நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரே சமையல் குறிப்பை எழுத்து மாறாமல் நான்கு வலைப்பூக்களில் பார்த்திருக்கிறேன். அதை முதலில் எழுதியவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விட்டது.

ஆகவே, ஒதுக்கப்பட்டால் முகவரியைக் குறை சொல்லும் முன், தளத்தை ஒரு புது ஆள் மாதிரித் திறந்து பாருங்கள். யார் எழுதுகிறார், எதைப் பற்றி, எவ்வளவு காலமாக என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே தெரிகிறதா? “என்னைப் பற்றி” பக்கம் இருக்கிறதா? நான் பார்க்கிற பட்டியலில், இவை தெளிவாக இருக்கும் இலவசத் தளத்தைத் தயங்காமல் சேர்க்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில், தளம் வெளியாட்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, அல்லது வேறொருவர் போனில், முகவரியை அடித்துப் பாருங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது நன்றாகத் தெரிகிற தளம் வெளியாளுக்கு “அனுமதி இல்லை” என்று காட்டலாம். பிளாக்கரிலும் (பிளாக்ஸ்பாட் வலைப்பூக்களை நடத்தும் கூகுள் சேவை) வேர்ட்பிரஸிலும் “தேடுபொறிகளுக்குக் காட்டாதே” என்று ஒரு அமைப்பு இருக்கிறது. தொடங்கும்போது அதைத் தெரியாமல் தட்டிவிட்டு, அப்புறம் வருடக்கணக்கில் அப்படியே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

பத்துப் பதிவாவது இருக்கட்டும். இது என் சொந்த அளவுகோல், விதி கிடையாது.

போனில் இருந்து முகவரியைக் காப்பி செய்து போட்டேன். தப்பா?

எனக்கு வருகிற விண்ணப்பங்களில் அதிகம் தவறுவது இங்கேதான். பிளாக்ஸ்பாட் தளத்தைப் போனில் திறந்தால் முகவரியின் வாலில் “?எம்=1” என்று ஒட்டிக்கொள்ளும். அது போனுக்கான வடிவம். அதை வெட்டிவிட்டு, “.காம்” என்பதோடு முடியும் முகவரியைக் கொடுங்கள்.

கூகுள் சைட்ஸில் வேறு ஒரு சிக்கல். நீங்கள் எழுதித் திருத்துகிற பக்கத்துக்கும், வெளியிட்ட பக்கத்துக்கும் தனித்தனி முகவரி. திருத்துகிற பக்கத்தின் முகவரியை அனுப்பினால் எங்களுக்கு உள்ளே நுழைய அனுமதி கேட்கும் திரைதான் வரும். “வெளியிட்ட தளத்தைப் பார்” என்பதை அழுத்தி, அங்கே தெரிகிற முகவரியை எடுங்கள். விக்ஸ் என்ற இன்னொரு சேவையின் இலவச முகவரியில் உங்கள் பயனர் பெயர் முன்னாலும் தளத்தின் பெயர் சாய்கோட்டுக்குப் பின்னாலும் வரும். நீளமாக இருக்கிறதே என்று பின்பகுதியை வெட்டிவிட்டால் தளம் திறக்காது.

முகவரி எச்டிடிபிஎஸ் என்று, அதாவது பாதுகாப்பான இணைப்பாக, தொடங்கட்டும். பிளாக்கர் அமைப்பில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு.

என் பழைய லிஸ்டிங்கில் பிளாக்ஸ்பாட்.இன் என்று இருக்கிறது. திறக்கவே மாட்டேன் என்கிறது. என் வலைப்பூ போய்விட்டதா?

வலைப்பூ பத்திரமாக இருக்கிறது, பயப்படாதீர்கள். 2012இல் கூகுள், இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிளாக்ஸ்பாட்.காம் முகவரிகளைத் தானாகவே பிளாக்ஸ்பாட்.இன் என்று மாற்றிக் காட்டத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் முகவரிப் பட்டையில் தெரிந்ததை அப்படியே காப்பி செய்து எல்லா இடத்திலும் கொடுத்தோம். நானும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டேன். பிறகு கூகுள் இந்த நாட்டுவாரி முகவரிகளைக் கைவிட்டது. 2020இல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயரே கூகுளின் கையைவிட்டுப் போய் வேறொருவரிடம் சேர்ந்தது. இந்தியாவில் எழுதிய லட்சக்கணக்கான பதிவுகளின் லிங்குகள் இப்படித்தான் அறுந்தன.

“.இன்” என்பதை எடுத்துவிட்டு “.காம்” போட்டால் உங்கள் தளம் திறக்கும். அந்தத் திருத்தத்தை டைரக்டரிக்கும், உங்கள் லிங்கை வைத்திருக்கும் நண்பர்களின் தளங்களுக்கும் எழுதிக் கேளுங்கள். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் பத்து வருடம் எழுதியதை வாசகருக்குத் திரும்பக் கொடுக்கிற வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.

தமிழில் தலைப்பு வைத்த பதிவின் முகவரி ஒரே சதவீதக் குறியாக வருகிறதே?

வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை முகவரியிலும் தமிழாகவே வைக்கும். காப்பி செய்யும்போது ஒவ்வொரு எழுத்தும் சதவீதக் குறியும் எண்களுமாக உடைந்து மிக நீளமாகிவிடும். சில படிவங்கள் அதைப் பாதியில் வெட்டிவிடும், லிங்க் செத்துவிடும். பிளாக்கர் இதற்கு நேர்மாறு: முழுக்கத் தமிழில் தலைப்பு வைத்தால் தமிழை விட்டுவிட்டு “பிளாக் போஸ்ட்” என்று ஒரு பொதுப் பெயரும் எண்ணும் வைத்துவிடும். முன்பெல்லாம் ஆங்கிலத்தில் தலைப்பு அடித்து வெளியிட்டுவிட்டு, உடனே தமிழுக்கு மாற்றுவோம். இப்போது பதிவு எழுதும் பக்கத்திலேயே முகவரியை நாமே குறிப்பிடும் வசதி இருக்கிறது. குறுகலாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

தளத்தின் முதல் பக்கத்தைக் கொடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

முழுத் தளத்தைக் கொடுப்பதா, நல்ல பதிவு ஒன்றைக் கொடுப்பதா?

முதல் பக்கத்தைக் கொடுங்கள். உள்பக்கங்களைத் தனித்தனியாகச் சேர்ப்பதைப் பெரும்பாலான டைரக்டரிகள் விரும்புவதில்லை. தளம் முழுக்க ஒரு விஷயம் பேசி, ஒரு பகுதி மட்டும் வேறு துறையில் ஆழமாக இருந்தால் விதிவிலக்கு உண்டு. உதாரணமாக, ஒரு ஆசிரியரின் பொதுவான வலைப்பூவில் நூறு பதிவுகளுக்கு மேல் நாட்டார் விளையாட்டுகள் பற்றி இருந்தால், அந்த லேபிள் (குறிச்சொல்) இட்ட பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் பக்கத்தைத் தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கும்போது காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

தலைப்பிலும் விவரத்திலும் என்ன எழுத வேண்டும்? நான் எழுதியதை அவர்கள் மாற்றிவிட்டார்கள்.

தலைப்பில் தளத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். “தமிழின் நம்பர் 1 சமையல் தளம்” என்று எழுதினால் தொகுப்பாளர் அதை நீக்கிவிட்டுத் தளத்தின் பெயரை வைப்பார். விவரம் ஓரிரு வரி போதும். தளத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை வாசகர் முடிவு செய்துகொள்வார்.

“அற்புதமான தகவல்கள் நிறைந்த களஞ்சியம், ஒருமுறை வந்தால் விடமாட்டீர்கள்” என்ற விவரத்தை வைத்துக்கொண்டு என்னால் எந்தப் பிரிவிலும் சேர்க்க முடியாது. “வேடந்தாங்கல், கூந்தன்குளம் சரணாலயங்களில் எடுத்த பறவைப் படங்களும், பறவைகளின் தமிழ்ப் பெயர்களும், பார்த்த தேதிகளும்” என்று எழுதினால் ஒரு நிமிடத்தில் சேர்த்துவிடுவேன். தேடி வருகிறவருக்கும் அதுதான் உதவும்.

விவரம் யூனிகோட் தமிழில் இருக்கட்டும். திஸ்கி, டேப் போன்ற பழைய எழுத்துக் குறியாக்க முறைகளில் இருக்கும் தளங்கள் இன்னும் எங்கோ சில உயிரோடு இருக்கின்றன. அவற்றை இன்றைய பிரவுசரில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். அப்படிப்பட்ட தளம் உங்களுடையது என்றால், விண்ணப்பத்துக்கு முன் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் போட்டுவிடட்டுமா?

வேண்டாம். தமிழில் எழுதுகிற தளம் தமிழ்ப் பிரிவில். அதற்குள் உங்கள் பொருளுக்கு மிக நெருக்கமான, மிகக் குறுகிய பிரிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தளத்தைப் போன்ற இன்னொரு தளம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே சுலபமான வழி.

எனக்குத் தளமே இல்லை, பேஸ்புக் பக்கம்தான். கடை வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

கடைக்குத் தேவை வேறு. உங்களைத் தேடுகிறவர் கட்டுரை படிக்க வரவில்லை, கடை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும், போன் எண் என்ன என்று கேட்கிறார். அதற்குக் கூகுள் வணிகப் பக்கம், ஜஸ்ட்டயல், சுலேகா, பொருள் தயாரிப்பவராக இருந்தால் இந்தியாமார்ட் என்று தொழில் டைரக்டரிகள் இருக்கின்றன. இவற்றில் பதிய வலைத்தளம் கட்டாயமில்லை. எல்லோரும் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் கடையை நீங்களே வரைபடத்தில் குறிக்கலாம், அதுவும் இலவசம்.

இந்த எல்லா இடத்திலும் கடைப் பெயர், முகவரி, போன் எண் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் “ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்”, இன்னொன்றில் “முருகன் மளிகை” என்று இருந்தால் இரண்டு கடை என்று நினைத்துவிடுவார்கள்.

பொருள்வாரி டைரக்டரியில் சேர வேண்டுமானால் மட்டும், கூகுள் சைட்ஸில் ஐந்தாறு பக்கம் போட்டு ஒரு சின்னத் தளம் உருவாக்குங்கள். பேஸ்புக் பக்கத்தைப் பார்க்கச் சில சமயம் உள்நுழையச் சொல்லும், அதனால் தொகுப்பாளர்கள் தயங்குவார்கள்.

இலவசமாகவே டொமைன் தருகிறார்களாமே, அதை வாங்கிக்கொண்டால் இந்தத் தயக்கமே வேண்டாமே?

இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வேண்டாம். “கோ.சிசி” என்று முடியும் முகவரிகளை ஒரு நிறுவனம் அள்ளிக் கொடுத்தது. பார்க்கச் சொந்த டொமைன் மாதிரி இருக்கும், உண்மையில் அதுவும் சப்டொமைன்தான். அதில் மோசடித் தளங்கள் பெருகியதால் 2011இல் கூகுள் அந்த முகவரிகள் அனைத்தையும் தேடலிலிருந்து மொத்தமாக நீக்கியது. ஒழுங்காக நடத்தியவர்களின் தளங்களும் சேர்ந்தே போயின. “.டிகே” போன்ற முகவரிகளை இலவசமாகக் கொடுத்த நிறுவனம் 2023இல் புதுப் பதிவுகளை நிறுத்தியது.

நல்ல பெயருள்ள இலவசச் சேவையில் சப்டொமைனாக இருப்பது, கெட்ட பெயர் எடுத்த இலவச டொமைனில் இருப்பதைவிட எவ்வளவோ மேல். பக்கத்துக் குடித்தனக்காரர் யார் என்று பார்த்துக் குடிபோகிற மாதிரிதான்.

சரி, சுருக்க முகவரி கொடுத்தால் பிளாக்ஸ்பாட் என்று தெரியாதே?

தெரிந்துவிடும், அதோடு விண்ணப்பமும் ஒதுக்கப்படும். வேறு இடத்துக்குத் திருப்பிவிடுகிற முகவரியை டைரக்டரிகள் ஏற்பதில்லை. எங்கே கொண்டுபோகிறது என்பதை வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பதுதான் காரணம். தவிர, அந்தச் சுருக்கும் சேவை நின்றுபோனால் உங்கள் தளம் நன்றாக இருந்தும் லிங்க் செத்துவிடும். இருக்கிற முகவரியை இருக்கிறபடி கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“இந்தத் தளம் ஏற்கெனவே உள்ளது” என்று படிவம் சொல்கிறது. நான் இப்போதுதான் முதல் முறையாகப் போடுகிறேன்!

இங்கேதான் இரண்டாவது கேள்வியில் சொன்ன சப்டொமைன், சாய்கோட்டு வித்தியாசம் உதவும். சில டைரக்டரிகளின் மென்பொருள் டொமைனை மட்டும் எடுத்து, “இது முன்பே இருக்கிறதா?” என்று ஒப்பிடுகிறது. கூகுள் சைட்ஸில் எல்லோருக்கும் டொமைன் ஒன்றே. வேறு யாரோ ஒருவர் தன் சைட்ஸ் தளத்தைச் சேர்த்திருந்தாலும் அது உங்களுடையது என்று நினைத்து மறுத்துவிடும்.

எந்தெந்த முகவரிகளுக்குக் கீழே தனித்தனி ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொஸில்லா தொடங்கியது, பிரவுசர்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. பிளாக்ஸ்பாட்.காமும், கிட்ஹப் பேஜஸ் என்ற இன்னொரு இலவசத் தளச் சேவையின் முகவரியும் அதில் உண்டு. அந்தப் பட்டியலைப் பார்க்கும் மென்பொருள் ஒவ்வொரு வலைப்பூவையும் தனித் தளமாகவே எடுத்துக்கொள்ளும். சாய்கோட்டு முகவரிக்கு அந்த வசதி கிடையாது. அதனால் இன்னும் தொடங்காதவர்கள் சப்டொமைன் தரும் சேவையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏற்கெனவே சைட்ஸில் இருப்பவர்கள் படிவத்தோடு மல்லுக்கட்டாமல் தொகுப்பாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். நாங்கள் கையால் சேர்க்க முடியும்.

பணம் கட்டினால் 500 டைரக்டரியில் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். அந்த 500இல் மனிதர்கள் படிக்கிற பட்டியல் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை லிங்க் போடுவதற்காகவே உருவாக்கியவை. தரம் குறைந்த டைரக்டரிகளிலிருந்து வரும் லிங்குகளைக் கூகுள் தன் விதிகளிலேயே லிங்க் மோசடி வகையில் குறிப்பிட்டிருக்கிறது. காசும் போய், பெயரும் கெடும். எனக்குத் தெரிந்த ஒரு தையல் வகுப்பு நடத்தும் அம்மா இப்படி ஒருவரிடம் பணம் கொடுத்தார். அவர் அனுப்பிய பட்டியலை நான் திறந்து பார்த்தேன். பாதி முகவரிகள் திறக்கவில்லை, மீதியில் அவருடைய தளம் சூதாட்ட விளம்பரங்களுக்கு நடுவே இருந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கத்தை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கட்டணம் வாங்கும் எல்லா டைரக்டரியும் மோசம் என்று சொல்லவில்லை. யாகூ டைரக்டரி வணிகத் தளங்களைப் பரிசீலிக்க வருடத்துக்கு 299 டாலர் வாங்கியது. அந்தப் பணம் பரிசீலனைக்கு மட்டும்தான், சேர்ப்பார்கள் என்று உத்தரவாதம் கிடையாது. பணம் கட்டினால் நிச்சயம் சேர்த்துவிடுவோம் என்று ஒருவர் சொன்னால், அங்கே யாரும் தளத்தைப் பார்ப்பதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

போட்டு இரண்டு மாதமாகிறது, பதிலே இல்லை. மறுபடி போடட்டுமா?

பொறுங்கள். தன்னார்வலர்கள் நடத்தும் இடத்தில் மாதங்கள் ஆகலாம், சில பிரிவுகளுக்குத் தொகுப்பாளரே இருக்க மாட்டார். மறுபடி மறுபடி போட்டால் வரிசை முன்னுக்குப் போகாது. தமிழ்ப் பிரிவில் ஆள் இல்லை என்று தெரிந்தால், நீங்களே தொகுப்பாளராக விண்ணப்பியுங்கள். உண்மையாகவே ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

விக்கிப்பீடியாவில் என் வலைப்பூ லிங்கைப் போட்டுக்கொள்ளலாமா? அதுவும் ஒரு பட்டியல்தானே?

அது கலைக்களஞ்சியம், அதை லிங்குப் பட்டியலாக்க அங்கே விதி இடம் தராது. தனிப்பட்ட வலைப்பூக்களை வெளி இணைப்பாகச் சேர்ப்பதைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள். உங்கள் தளத்தை நீங்களே சேர்த்தால் இன்னொரு பயனர் நீக்கிவிடுவார். அங்கிருக்கும் லிங்குகளுக்குத் தேடுபொறியில் மதிப்புச் சேராதபடி 2007லேயே குறியிட்டுவிட்டார்கள்.

பின்னால் சொந்த டொமைன் வாங்கினால் பழைய லிஸ்டிங் எல்லாம் வீணா?

பிளாக்கரிலும் கிட்ஹப் பேஜஸிலும் சொந்த டொமைனை இணைத்தால் பழைய முகவரிக்கு வருகிறவர் தானாகவே புது முகவரிக்குப் போய்விடுவார். பழைய வலைப்பூவை நீக்காமல் இருந்தால் போதும். வேர்ட்பிரஸ்.காமிலும் இது நடக்கும், ஆனால் டொமைன் இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். அப்படித் திருப்பிவிடும் வசதி இல்லாத சேவை என்றால், பழைய தளத்தின் முதல் பக்கத்தில் புது முகவரியைப் பெரிதாக எழுதி வைத்து, ஒரு வருடமாவது அப்படியே விடுங்கள். எப்படியானாலும் டைரக்டரிக்கு எழுதி முகவரியை மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டொமைன் வாங்கினால் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் குறைந்த விலை சொல்லி, இரண்டாம் வருடத்திலிருந்து கூட்டுவது வழக்கம். புதுப்பிக்க மறந்தால் உங்கள் பெயரில் வேறு யாரோ கடை விரிப்பார்கள். பிளாக்ஸ்பாட்.இன் விஷயத்தில் கூகுளுக்கே அப்படித்தான் ஆனது. தொடர்ந்து கட்ட முடியும் என்ற நம்பிக்கை இல்லையென்றால், இலவச முகவரியிலேயே இருங்கள்.

அப்பா எழுதிய வலைப்பூ இது. அவர் போன வருடம் காலமாகிவிட்டார். அதை டைரக்டரியில் சேர்க்கலாமா? எங்களிடம் பாஸ்வேர்டு இல்லை.

சேர்க்கலாம். எழுதியவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் நீங்கள் அவருடைய பிள்ளை என்பதையும், இனி புதுப் பதிவுகள் வராது என்பதையும் சொல்லுங்கள். முடிந்துபோன தளங்களையும் நான் மகிழ்ச்சியோடு சேர்த்திருக்கிறேன். ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி ஒருவர் எழுதி வைத்தது அவர் போன பிறகும் தேடி வருகிறவருக்குக் கிடைக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, இன்றே செய்துவிடுங்கள். 2 வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. பாஸ்வேர்டு இல்லாமலே நீங்கள் செய்யக்கூடியது, இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்துச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் பக்கத்துக்குப் போய், அப்பாவின் ஒவ்வொரு பதிவின் முகவரியையும் கொடுத்து “இந்தப் பக்கத்தைச் சேமி” என்று அழுத்துவது. இருநூறு பதிவு என்றால் வீட்டில் எல்லோருமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இறந்தவரின் கணக்குத் தொடர்பாகக் குடும்பத்தினர் கோரிக்கை வைக்கக் கூகுளில் தனிப் படிவம் இருக்கிறது, அதையும் நிரப்புங்கள்.

ஆர்க்கைவில் சேமித்த பிறகு டைரக்டரிக்கு விண்ணப்பிக்கும்போது, வலைப்பூவின் முகவரியோடு ஆர்க்கைவ் பிரதியின் முகவரியையும் குறிப்பில் எழுதி அனுப்புங்கள். எப்போதாவது வலைப்பூ திறக்காமல் போனால், லிஸ்டிங்கை நீக்காமல் அந்தப் பிரதிக்கு மாற்றி வைப்பது எங்கள் பொறுப்பு.